கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்: மாற்றணுமா, இருக்கட்டுமா?

கேபினெட் வாங்கினால் உள்ளேயே ஒரு எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற டிசி மின்சாரமாக மாற்றித் தரும் பெட்டி, பூட்டித் தருவது நம் ஊர்க் கடைகளில் வழக்கம். மேலே 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். தனியாக வாங்கினால் விலை சில நூறு ரூபாய்தான். அந்தப் பெட்டியை வைத்துக்கொள்வதா, தூக்கிப் போடுவதா என்பதைச் சுற்றி அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. படிக்கும் முன் ஒன்று: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர்களில் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகங்களில்) 300 வோல்டுக்கு மேல் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். கீழே சொல்லும் எந்த வேலைக்கும் அந்தப் பெட்டியின் மூடியைத் திறக்கத் தேவையில்லை.

450 வாட் என்று போட்டிருக்கிறதே, போதாதா?

அந்த எண்ணை மறந்துவிட்டு, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் கட்டம் போட்ட ஸ்டிக்கரைப் பாருங்கள். மலிவான பெட்டிகளில் அது பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும்: +3.3 வோல்ட் 18 ஆம்பியர், +5 வோல்ட் 20 ஆம்பியர், +12 வோல்ட் 16 ஆம்பியர். இதில் உங்களுக்கு வேண்டியது கடைசி எண் ஒன்றுதான். 12 × 16 = 192 வாட். உங்கள் 450 வாட் பெட்டியின் உண்மையான பலம் அவ்வளவுதான், அதுவும் ஸ்டிக்கர் பொய் சொல்லவில்லை என்றால்.

காரணம் பழையது. பென்டியம் 3 காலம் வரை பிராசசருக்கான மின்சாரம் பெரும்பாலும் 5 வோல்டிலிருந்து போனது. 2000-இல் பென்டியம் 4 வந்தபோது, அதற்கென்றே 12 வோல்ட் தரும் நான்கு முனை கனெக்டர் தனியாகச் சேர்ந்தது. அன்றிலிருந்து பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, ஃபேன், ஹார்ட் டிஸ்க் மோட்டார் எல்லாமே 12 வோல்டைத்தான் தின்கின்றன. மலிவு எஸ்எம்பிஎஸ்களோ இன்னும் அந்தப் பழைய வரைபடத்திலேயே நிற்கின்றன. யாரும் கேட்காத 5 வோல்டிலும் 3.3 வோல்டிலும் ஆம்பியரைக் கொட்டிக் கூட்டுத்தொகையைப் பெரிதாக்கிக் காட்டுகின்றன. ஒழுங்கான 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்டுக்கு மட்டுமே 36 ஆம்பியர் அளவில், அதாவது 430 வாட் சுமாருக்கு இருக்கும்.

சில ஸ்டிக்கர்களில் 12 வோல்ட் இரண்டு வரிசையாகப் பிரித்துப் போட்டிருக்கும். இரண்டையும் கூட்டிவிடாதீர்கள், கீழே ‘மொத்தம் இத்தனை வாட்’ என்று தனியாக ஒரு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 12 வோல்டுக்கு ஆம்பியரே போடாத ஸ்டிக்கர் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, மாற்றிவிடுங்கள்.

என் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு தேவை என்று எப்படிக் கணக்குப் போடுவது?

பிராசசர், கிராபிக்ஸ் கார்டு இரண்டின் உச்ச அளவையும் எழுதிக்கொள்ளுங்கள். உதாரணமாக, கோர் ஐ5 12400 பிராசசரின் அடிப்படை அளவு 65 வாட், வேகம் ஏறும்போது 117 வாட் வரை போகும். ஜிடிஎக்ஸ் 1650 கார்டு 75 வாட், ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட், ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 170 வாட். மதர்போர்டு, ரேம், ஃபேன் எல்லாம் சேர்த்து 40 வாட் வையுங்கள். 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் ஓடும்போது 10 வாட்டுக்குள் அடங்கும், ஆனால் சுழல ஆரம்பிக்கும் சில நொடிகளுக்கு 12 வோல்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அதனால் அதற்கு 25 வாட்.

ஐ5 12400, ஆர்டிஎக்ஸ் 3060, ஒரு ஹார்ட் டிஸ்க்: 117 + 170 + 40 + 25 = 352 வாட். கிராபிக்ஸ் கார்டுகள் கண் இமைக்கும் நேரத்துக்கு இந்த அளவைத் தாண்டியும் இழுக்கும். 550 வாட் வாங்கினால் நிம்மதி. அதே கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு இல்லை என்றால் 182 வாட். மேலே பார்த்த 192 வாட் பெட்டி காகிதத்தில் தாங்கும். மே மாதச் சூட்டில், தூசி அடைத்த ஃபேனோடு தாங்குமா என்பது வேறு விஷயம்.

எந்த அறிகுறிகளைப் பார்த்தால் உடனே மாற்ற வேண்டும்?

கருகல் வாசனை, ‘பட்’ என்ற சத்தம், ஆன் செய்ததும் வீட்டு எம்சிபி (தானே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுவது: இந்த மூன்றில் எது நடந்தாலும் பிளக்கைப் பிடுங்குங்கள், மறுபடி ஒரு முறை போட்டுப் பார்க்கலாமே என்ற ஆசை வேண்டாம். மலிவுப் பெட்டி சாகும்போது தனியாகச் சாவதில்லை, மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் துணைக்கு அழைத்துக்கொள்ளும்.

அடுத்தது காலையில் முரண்டு பிடிப்பது. முதல் தடவை பட்டனை அமுக்கினால் எதுவும் நடக்காது. மூன்றாவது நான்காவது தடவை எழுந்துகொள்ளும். பிறகு நாள் முழுக்க நன்றாக ஓடும். உள்ளே சின்னக் கெபாசிட்டர்கள் காய்ந்துபோனதற்கு இது நல்ல அடையாளம். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் ஒன்று, ஊதா நிற வயரில், எப்போதும் வந்துகொண்டே இருக்கும். அதைத் தரும் சின்ன சர்க்யூட் சுவர் சுவிட்சை அணைக்கும்வரை 24 மணி நேரமும் சூடாகவே கிடக்கும். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணு வேலையில் உள்ளவர்களின் பொதுக் கணக்கு. அந்தக் கெபாசிட்டர் கெட்டால் சில பழைய வடிவமைப்புகளில் 5 வோல்ட் கட்டுப்பாடில்லாமல் ஏறி மதர்போர்டைக் கொல்லும். மாற்றும்வரை, வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சை அணைத்து வையுங்கள்.

கேம் ஆடும்போதோ வீடியோ எடிட் செய்யும்போதோ மட்டும் பட்டென்று அணைந்து மறுபடி தானே ஆன் ஆவது, ஹார்ட் டிஸ்க் நடுவில் ‘டிக்’ என்று நின்று மறுபடி சுற்றுவது ஆகியவையும் சந்தேகத்துக்குரியவை. ஆனால் இவற்றுக்கு வேறு காரணமும் இருக்கலாம்.

வேறு எது இதே மாதிரி தொல்லை தரும்?

ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் முதலில் ரேமைக் கழற்றி அதன் தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் துடைத்துப் போடுங்கள். பாதிப் பேருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும். பத்து நிமிடம் ஓடி அணைகிறது என்றால் பிராசசர் சூட்டைப் பாருங்கள். 95 டிகிரியைத் தொட்டால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும் அல்லது ஹீட்சிங்க் கிளிப் ஒன்று கழன்றிருக்கும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் (ஈவென்ட் வியூவர்) ‘கெர்னல் பவர் 41’ என்று வருவதைக் காட்டி எஸ்எம்பிஎஸ் போச்சு என்று சொல்பவர்கள் உண்டு. ‘ஒழுங்காக ஷட் டவுன் ஆகாமல் நின்றது’ என்பதைத் தவிர அந்த வரிக்கு வேறு பொருள் இல்லை. கரண்ட் போனாலும் அதே வரிதான்.

மல்டிமீட்டரை வைத்துச் சோதிக்க முடியுமா?

முடியும். பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கம்பியால் இணைத்துத் தனியாக ஆன் செய்து பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த முறை. அதில் தெரிவது ஒன்றுதான்: பெட்டி அடியோடு செத்துவிட்டதா இல்லையா. சுமை இல்லாதபோது எந்த ஓட்டைப் பெட்டியும் 12 வோல்ட் காட்டும்.

உபயோகமான சோதனை, கம்ப்யூட்டர் ஓடும்போது செய்வது. மீட்டரை டிசி 20 வோல்டில் வையுங்கள். சும்மா தொங்கும் நான்கு முனை மோலெக்ஸ் கனெக்டர் ஒன்றை எடுத்து, மீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு வயரின் ஓட்டையிலும் சிவப்பு முனையை மஞ்சள் வயரின் ஓட்டையிலும் நுழைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போது ஒரு அளவு, கேமோ வேறு கனமான வேலையோ ஓடும்போது ஒரு அளவு எழுதிக்கொள்ளுங்கள். அதே கனெக்டரில் சிவப்பு வயர் 5 வோல்ட். அதையும் இரண்டு முறை பாருங்கள்.

ஏடிஎக்ஸ் (டெஸ்க்டாப் எஸ்எம்பிஎஸ்களுக்கான பொதுத் தர அளவு) விதிப்படி 12 வோல்ட் 11.40-இலிருந்து 12.60-க்குள், 5 வோல்ட் 4.75-இலிருந்து 5.25-க்குள், ஆரஞ்சு நிற 3.3 வோல்ட் 3.14-இலிருந்து 3.47-க்குள் இருக்க வேண்டும். 11.4-க்குக் கீழே போனால் மாற்றுங்கள். வரம்புக்குள்ளேயே இருந்தாலும், சும்மா இருக்கும்போது 12.1, சுமை ஏறியதும் 11.5 என்று அரை வோல்டுக்கு மேல் சரிந்தால் நாள் எண்ணப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மலிவுப் பெட்டிகளில் 12 வோல்டையும் 5 வோல்டையும் ஒரே சுருளை வைத்துச் சேர்த்தே கட்டுப்படுத்துவார்கள். தராசு மாதிரி, 12 வோல்டில் சுமை ஏறி அது இறங்கும்போது 5 வோல்ட் ஏறும். 5.3-ஐத் தாண்டினால் அடி வாங்குவது ஹார்ட் டிஸ்க் போர்டும் எஸ்எஸ்டியும் யுஎஸ்பியில் செருகியிருப்பவையும். பயாஸ் திரையில் தெரியும் வோல்டேஜை நம்பி முடிவெடுக்காதீர்கள், அந்த சென்சார்கள் துல்லியமானவை அல்ல.

மீட்டரில் எல்லாம் சரியாக இருந்தால் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று அர்த்தமா?

இல்லை. டிசியின் மேல் ஏறி வரும் சிற்றலை, அதாவது வோல்டேஜின் வேகமான சின்ன ஏற்ற இறக்கம், மீட்டரில் தெரியாது. 12 வோல்டில் அது 120 மில்லிவோல்டுக்குள்ளும், 5, 3.3 வோல்டில் 50 மில்லிவோல்டுக்குள்ளும் இருக்க வேண்டும். அதைப் பார்க்க ஆசிலோஸ்கோப் தேவை. மதர்போர்டில் பிராசசரைச் சுற்றியுள்ள கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால், பல வருடம் இந்த அலையை வாங்கிக்கொண்டு நின்றிருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். போர்டை மட்டும் மாற்றிப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸையே மாட்டினால் அதே கதைதான்.

கெபாசிட்டர் மாற்றித் தருகிறேன் என்கிறார் சர்வீஸ்காரர். செய்யலாமா?

மலிவுப் பெட்டிக்கு வேண்டாம். அதில் பிரச்சினை கெட்டுப்போன பாகம் மட்டுமல்ல, தொடக்கத்திலிருந்தே போடாமல் விட்ட பாகங்கள். காற்றுத் துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். கரண்ட் நுழையும் இடத்தில் வடிகட்டிச் சுருள் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். போர்டில் அதற்கான ஓட்டைகள் மட்டும் இருக்கும், ஓட்டைக்கு ஓட்டை ஒரு கம்பித் துண்டை வளைத்துப் பற்றவைத்திருப்பார்கள். வோல்டேஜ் திடீரென ஏறும்போது தாங்கும் நீல வட்ட வேரிஸ்டர் இருக்காது. ஹீட்சிங்க் மெலிந்த தகடாக இருக்கும். இதில் புதுக் கெபாசிட்டர் போட்டு என்ன பயன்?

ஃபேன் மட்டும் கரகரக்கிறது என்றால், அதுவும் நல்ல எஸ்எம்பிஎஸ் என்றால், தெரிந்த டெக்னீஷியனிடம் அதே அளவு 12 வோல்ட் ஃபேனை மாற்றச் சொல்லலாம். வாரன்டி போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். எண்ணெய் விட்டு ஓட்டுவது ஒன்றிரண்டு வாரத்துக்கு.

பின்னால் இருக்கும் சிவப்பு சுவிட்ச் எதற்கு?

115, 230 என்று இருக்கும். நம் ஊரில் 230-இல்தான் இருக்க வேண்டும். தவறிப்போய் 115-க்குத் தள்ளி ஆன் செய்தால், உள்ளே உள்ள இரட்டிப்பு சர்க்யூட் வேலை செய்யத் தொடங்கி, 200 வோல்ட் தாங்கும் கெபாசிட்டர் ஒவ்வொன்றின் மேலும் 325 வோல்ட் ஏறும். வெடிச்சத்தம் நிச்சயம். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். இப்போதைய நல்ல எஸ்எம்பிஎஸ்களில் இந்த சுவிட்சே கிடையாது. 100-இலிருந்து 240 வரை தானே சமாளிக்கும். லோ வோல்டேஜ் உள்ள ஊர்களில் அதுவே ஒரு லாபம்.

கேபினெட்டைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. எஸ்எம்பிஎஸ் கோளாறா?

பெரும்பாலும் எர்த் கோளாறு. எஸ்எம்பிஎஸ் உள்ளே பேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் கேபினெட்டுக்கு ஒவ்வொரு சின்னக் கெபாசிட்டர் போகும். எர்த் இல்லாத இடத்தில் கேபினெட் நடுவில் மாட்டிக்கொண்டு 115 வோல்ட் சுமாரில் மிதக்கும். டெஸ்டர் எரியும், கை சுருக்கென்னும். மூன்று முனை பிளக்கை இரண்டு முனை சாக்கெட்டில் செருகும் அடாப்டர் போட்டிருந்தால் முதல் குற்றவாளி அதுதான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யுங்கள். அதைச் செய்யாமல் புது எஸ்எம்பிஎஸ் வாங்கினாலும் ஷாக் அடிக்கும். கம்ப்யூட்டர் ஓடும்போது எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் போர்ட்டும் போகலாம். ஆனால் சுருக்கென்று இல்லாமல் கையைத் தூக்கி அடித்தால் அது வேறு. உடனே இணைப்பைத் துண்டியுங்கள்.

யுபிஎஸ் இருந்தும் கரண்ட் போனதும் கம்ப்யூட்டர் அணைகிறது. பேட்டரியா, எஸ்எம்பிஎஸ்ஸா?

பேட்டரியை மாற்றும் முன் ஒரு சோதனை. கம்ப்யூட்டரை எடுத்துவிட்டு யுபிஎஸ்ஸில் ஒரு 60 வாட் குண்டு பல்பை மாட்டி, சுவர் சுவிட்சை அணையுங்கள். பல்ப் சிமிட்டிவிட்டுத் தொடர்ந்து எரிந்தால் யுபிஎஸ் மாறிக்கொள்கிறது, பேட்டரியிலும் உயிர் இருக்கிறது. அப்படியென்றால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல். வீட்டு யுபிஎஸ் பேட்டரிக்கு மாற சில மில்லிசெகண்ட் ஆகும், பலவற்றில் 10 மில்லிசெகண்டுக்குள். நல்ல எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையிலும் 16 மில்லிசெகண்ட் சுமாருக்குத் தன் கெபாசிட்டரில் உள்ளதை வைத்துத் தாக்குப்பிடிக்கும். மலிவுப் பெட்டியில் அந்தக் கெபாசிட்டர் சிறியது, அல்லது வற்றிப்போனது.

600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட்தான் தாங்கும் என்பதையும் பாருங்கள். புது எஸ்எம்பிஎஸ்ஸில் ஆக்டிவ் பிஎஃப்சி (சுவரிலிருந்து கரண்டை ஒழுங்காக இழுக்க வைக்கும் சர்க்யூட்) இருந்தால், ஒழுங்கான சைன் அலை தராத சில சின்ன யுபிஎஸ்களோடு அது ஒத்துப்போகாமல் அணையலாம். முடிந்தால் வாங்கும் முன் உங்கள் யுபிஎஸ்ஸில் மாட்டிப் பாருங்கள்.

கன்வெர்ட்டர் கேபிள் போட்டுக் கிராபிக்ஸ் கார்டை ஓட்டலாமா?

கூடாது. இந்தக் கேபிள்கள் பல ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா பவர் கனெக்டரிலிருந்து மின்சாரம் எடுக்கின்றன. அதில் 12 வோல்டுக்கு மூன்று முனை, முனைக்கு 1.5 ஆம்பியர், ஆக 54 வாட். ஆறு முனை கிராபிக்ஸ் கனெக்டரோ 75 வாட் கேட்கும். பிளாஸ்டிக் உருகுவது அங்கேதான் ஆரம்பிக்கும். எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த ஆறு அல்லது எட்டு முனை கேபிளே இல்லை என்றால், அந்தக் கார்டுக்கான எஸ்எம்பிஎஸ் அது இல்லை. தனிக் கனெக்டர் கேட்காத, ஸ்லாட்டிலிருந்தே 75 வாட்டுக்குள் எடுத்துக்கொள்ளும் கார்டுகளை மட்டும், 12 வோல்ட் கணக்கு இடம் கொடுத்தால், பழைய பெட்டியில் ஓட்டலாம்.

செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் கம்ப்யூட்டர் வாங்கினேன். அதிலும் மாற்ற வேண்டுமா?

பெரிய நிறுவனங்களின் ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் வரும் எஸ்எம்பிஎஸ் 240, 290 வாட் என்று சின்ன எண் போட்டிருந்தாலும் அந்த எண் உண்மை. உள்ளூர் 450-ஐ விட அது மேல். மாற்ற ஆசைப்பட்டால் முதலில் மதர்போர்டு கனெக்டரை எண்ணுங்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ் 3020, 7020, 9020 போன்றவற்றில் 24 முனை இருக்காது, 8 முனைதான். கடையில் வாங்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் நேராகப் பொருந்தாது.

புதிது வாங்கும்போது எதைப் பார்ப்பது?

மறுபடியும் 12 வோல்ட் ஆம்பியர். அடுத்தது வாரன்டி, 5 வருடம் தருபவர் உள்ளே எதையாவது போட்டிருப்பார். 80 பிளஸ் முத்திரை திறனை, அதாவது சுவரிலிருந்து எடுப்பதில் எத்தனை சதவீதம் கம்ப்யூட்டருக்குப் போகிறது என்பதை, மட்டும் சொல்கிறது: பிரான்ஸ் (வெண்கல வகை) என்றால் 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமைக்கு 85 சதவீதம், கோல்டு என்றால் 90. பாதுகாப்பைப் பற்றியோ சிற்றலையைப் பற்றியோ அது பேசாது. கேபினெட்டில் எஸ்எம்பிஎஸ் கீழே உட்காருமானால் பிராசசர் கேபிள் மேலே வரை எட்டுமா என்று நீளம் பாருங்கள். 450, 550 வாட் பிரான்ஸ் வகைக்கு ஏறக்குறைய 2,500 முதல் 4,000 ரூபாய் ஆகும். 750 வாட் எடுத்தால் ‘பின்னாடி உதவும்’ என்பார்கள். கிராபிக்ஸ் கார்டு வாங்கும் எண்ணமே இல்லாதவருக்கு எப்போதும் உதவாது.

கரண்ட் பில் குறையுமா?

கொஞ்சம். கம்ப்யூட்டர் 100 வாட் கேட்டால், 68 சதவீதத் திறனில் சுவரிலிருந்து 147 வாட், 85 சதவீதத்தில் 118 வாட். வித்தியாசம் 29 வாட். தினமும் 8 மணி நேரத்துக்கு மாதம் 7 யூனிட். இதற்காக மட்டும் யாரும் மாற்ற வேண்டாம்.

நானே மாற்றலாமா?

ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தால் போதும். பழையதைக் கழற்றும் முன் போனில் நான்கைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு முறை அமுக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். 24 முனை கனெக்டர் வருடக்கணக்கில் இறுகியிருக்கும். கிளிப்பை அழுத்திக்கொண்டு, போர்டு வளையாமல் இன்னொரு கையால் தாங்கி, இடமும் வலமும் லேசாக ஆட்டி எடுங்கள். பின்னால் நான்கு ஸ்க்ரூ.

மாட்டும்போது தப்பு நடப்பது இரண்டு இடத்தில். பிராசசரின் எட்டு முனையும் கிராபிக்ஸ் கார்டின் எட்டு முனையும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே தலைகீழ். பிராசசர் கேபிளில் கிளிப் பக்கம் 12 வோல்ட்; கிராபிக்ஸ் கேபிளில் கிளிப் பக்கம் கிரவுண்ட். பிராசசருடையது 4+4 என்றும், கார்டுடையது 6+2 என்றும் பிரியும். உள்ளே போகவில்லை என்றால் அமுக்காதீர்கள். இரண்டாவது, கழற்றி மாட்டும் கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ்: பழையதன் கேபிள்களைப் புதியதில் செருகவே கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்க முனைகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல்கூட மாறும். கேபிள் அழகாகப் பொருந்தும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும், ஹார்ட் டிஸ்க் ஒரு நொடியில் போகும்.

அப்படியானால் மாற்றாமல் விட யாருக்குத்தான் அனுமதி?

எச்61 போன்ற பழைய காலத்து மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு இல்லை, ஒரு எஸ்எஸ்டி, டைப்பிங்கும் பில்லிங்கும் மட்டும், மீட்டரில் அளவுகள் சரி, முக்கியமான கோப்புகள் வேறு இடத்திலும் இருக்கின்றன: இருக்கட்டும், ஓடும்வரை ஓடட்டும். கம்ப்யூட்டரே இரண்டாயிரம் ரூபாய் பெறாதபோது மூவாயிரத்துக்கு எஸ்எம்பிஎஸ் போடுவது கணக்கில் வராது. வருடத்துக்கு இரு முறை, ஃபேன் இறக்கையை விரலாலோ குச்சியாலோ பிடித்துக்கொண்டு, புளோயரால் தூசியை ஊதுங்கள்.

புதுக் கிராபிக்ஸ் கார்டு வருகிறது, பிராசசரை மாற்றுகிறீர்கள், அல்லது அந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் கடைக் கணக்கு முழுவதும் இருக்கிறது என்றால் இந்தச் சலுகை இல்லை. கழற்றிய பழையதை ‘டெஸ்டிங்குக்கு ஆகும்’ என்று அலமாரியில் வைக்காதீர்கள். என்றோ ஒரு நாள் யாராவது அதை நல்ல மதர்போர்டு ஒன்றில் மாட்டிவிடுவார்கள். மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.